அக்கினி இரும்பு

வெங்கச்சங்கல் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் ஒரு நெடி வருமே, முடி கருகினாற்போல, அது உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நம் செட்டில் அதை முகராதவர்கள் இருக்க முடியாது. வாய்க்கால் கரையில் பொறுக்கிய வெள்ளைக் கற்களைப் போர்வைக்குள் வைத்துத் தட்டி, கல்லுக்குள் மஞ்சளாக ஓடி மறையும் வெளிச்சத்தை வாய்பிளந்து பார்த்தவர்கள்தான் நாம் எல்லோரும். இன்று அரிசியில் கல் பொறுக்கவே நமக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வாசலில் உட்கார்ந்து அதே மாதிரி தட்டிக்கொண்டிருந்தன. நெடி மூக்கில் ஏறியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னம்மா ஆச்சு என்று கேட்ட மகளிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். சொல்லி முடிக்கிறவரை எனக்காகப் பரிந்து பேச மட்டும் வராதீர்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். நான் பெரியப்பா வீட்டில் இருந்து ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சுருளிப்பட்டிப் பக்கம்தான் ஊர். வீட்டுக்கு முன்னால் திராட்சைப் பந்தல், பின்னால் வாய்க்கால், அதற்கும் பின்னால் மலை. மாசி பிறந்தால் மலையில் எங்காவது புல் பற்றிக்கொள்ளும். பொழுது சாய்கிற நேரத்தில் பார்த்தால் நெருப்பு ஒரு சிவப்பு நாடா மாதிரி சரிவில் நெளிந்துகொண்டு கிடக்கும். அந்த வருஷம் அது அணைய அணைய வேறு வேறு இடத்தில் பற்றியது. காலையில் கோலத்தின் மேல் சாம்பல் விழுந்திருக்கும். "இந்த வருசம் என்னமோ சரியில்ல" என்று பெரியம்மா அதைப் பெருக்கித் தள்ளுவாள். அவள் சொன்னது பலித்துவிட்டது என்று பிற்பாடு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பலிக்க வைத்ததில் அவளுக்கும் எனக்கும் பாதிப் பாதி பங்கு.

பெரியப்பா வீட்டுக்கு ஊரில் ஒரு உரிமை உண்டு. சித்திரையில் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும்போது முதல் நெருப்பை எங்கள் வீட்டு ஆள்தான் எடுத்துத் தர வேண்டும். தீப்பெட்டி ஆகாது. வெங்கச்சங்கல்லில் இரும்பை அடித்து, விழுகிற பொறியைக் கருக்கிய இலவம்பஞ்சில் பிடித்து, தேங்காய் நாருக்குள் வைத்து ஊதி, அந்த நெருப்பை முதல் சட்டியில் போட வேண்டும். அன்றைக்குச் சட்டி எடுக்கிற அத்தனை பேருக்கும் அதிலிருந்துதான் நெருப்பு. மூன்று அடிக்குள் பொறி விழுந்தாக வேண்டும். விழாமல் போனதாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த இரும்புக்கு அக்கினி இரும்பு என்று பெயர். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். உடைந்த வளையலின் பாதியைப் போல வளைந்து, இரண்டு நுனியும் சுருண்டு, பிடிக்கிற இடம் வழவழவென்று தேய்ந்திருக்கும். பூசை அறையில் ஒரு மரப்பெட்டிக்குள், சிவப்புத் துணியில் சுற்றி, முட்டை அளவு கல் ஒன்றோடு வருஷம் முழுக்கக் கிடக்கும். பெரியப்பாவைத் தவிர யாரும் தொடக் கூடாது. தொடாதே என்று சொன்ன பொருளை அந்த வயதில் நம்மில் யார் தொடாமல் இருந்தோம், சொல்லுங்கள்.

தை மாதம் சித்தப்பா சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களை விடிகாலையில் அடைத்து ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார், சாயந்திரம் இறக்கிக் கொண்டுவருவார். மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்த பெண்ணுக்கு, யாரிடமும் சொல்லாமல் தாலி கட்டி, நேரே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தமிழ்க்காரப் பெண்தான். ஆனால் பேச்சில் மலையாளம் கலந்து வரும். பெரியப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "தீச்சட்டி முடியட்டும், பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. பெரியம்மா அவளை மலைக்காரி என்றாள். சோறு போட்டாலும் தட்டைத் தள்ளித்தான் வைப்பாள்.

எனக்குச் சித்தியை ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் என் தலையைத் தொட்டுப் பேன் பார்த்த முதல் ஆள் அவள்தான். என்னை 'மோளே' என்று, மகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவாள். பால் ஊற்றாத டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டுப் பெரியம்மாவுக்குத் தெரியாமல் எனக்கும் அரை டம்ளர் தருவாள். ஈர விறகை வைத்துக்கொண்டே ஒரே ஊதலில் அடுப்பைப் பற்ற வைப்பாள். எங்கள் மலையில் எல்லா விறகும் ஈரம்தான் மோளே என்பாள். அவள் இந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று தினமும் சாமி கும்பிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. வீட்டில் யாரும் இல்லை. பூசை அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து இரும்பையும் கல்லையும் கொஞ்சம் கருக்கிய பஞ்சையும் பாவாடையில் முடிந்துகொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். யாருக்கும் காட்ட அல்ல. பெரியப்பாவால் முடிகிறது என்னால் முடியுமா என்று பார்க்கத்தான்.

முதலில் விரல்தான் நசுங்கியது. கல்லின் கூர்மையான விளிம்பில் இரும்பைச் சரித்துச் சீவினாற்போல அடிக்க வேண்டும் என்று பிடிபட ரொம்ப நேரம் ஆனது. பிடிபட்டதும் பொறி கொட்டியது. ஒன்று பஞ்சில் விழுந்து கடுகளவு சிவந்து, மெல்லப் படர்ந்தது. நாரில் வைத்து ஊதினேன். குபீரென்று பிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றும் என்னால் மறுக்க முடியாது. ஆனால் மலைக்காற்று கேட்டுக்கொண்டா வருகிறது? நாரைத் தூக்கிக் காய்ந்த கோரையில் போட்டது. கோரை சடசடவென்று எரிந்துகொண்டு பக்கத்துத் தோட்டத்து வேலியை நோக்கி ஓடியது. பாவாடையால் அடித்தேன். இரண்டு கையாலும் வாய்க்கால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். நெருப்பு அணைந்தது. கையைப் பார்த்தால் இரும்பு இல்லை. தண்ணீரோடு தண்ணீராக நழுவிப் போயிருந்தது.

அப்போது வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. பொழுது சாயும்வரை முங்கி முங்கித் தேடினேன். சேறுதான் வந்தது. கல்லை மட்டும் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டு, நனைந்து, கரி அப்பி, பின்வாசலில் நின்றேன். சித்தி பார்த்தாள். பாவாடையைக் கழற்றச் சொல்லித் துவைத்தாள். கருகிய கரையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, இன்னும் உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பாவாடை எனக்குக் குட்டையாகிப் போயிற்று.

பங்குனிக் கடைசியில், திருவிழாவை ஊருக்கு அறிவிக்கிற சாட்டுதலுக்கு முந்தின நாள், பெரியப்பா பெட்டியைத் திறந்தார். துணி இருந்தது, கல் இருந்தது, இரும்பு இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. துணியை உதறினார், மடித்தார், திரும்ப உதறினார்.

"பூசை ரூம்ப தெனமும் கூட்டுறது யாரு, நானா?" என்றாள் பெரியம்மா. "மலையாளத்துல மந்திரவாதி கையில வீட்டு இரும்பக் குடுத்தா குடும்பத்தையே கட்டிப் போட்டுருவானாம். எங்க ஊருல ஒருத்தி செஞ்சிருக்கா."

சித்தி அடுப்படி வாசலில் நின்றாள். "நான் எடுக்கலை. கோயிலு வாசல்ல நின்னும் சொல்லுவேன்."

"கோயில் வாசல்லயே பாத்துக்குவோம்" என்றார் பெரியப்பா. அவர் குரல் தணிந்துதான் இருந்தது. "புது இரும்பு அடிப்போம். நீ எடுக்கலைன்னா மூணு அடிக்குள்ள ஆத்தா பொறி குடுப்பா. குடுக்கலைன்னா நீ மலைக்குக் கெளம்பிர வேண்டியது. அப்புறம் இவன் வாயத் திறக்கக் கூடாது."

சித்தப்பா ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரிண்ணே" என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை.

நான் சொல்லிவிடலாம் என்று பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவள் என்னைப் பார்க்காமலே, "எடுத்த கையில அதே இரும்பப் பழுக்கக் காச்சி வைக்கணும்" என்றாள். பிடித்த முந்தானையை விட்டுவிட்டேன். என் உள்ளங்கை அப்போதே எரிவது போல இருந்தது. சித்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் அடுப்படிக்குள் வரக் கூடாது என்றாகிவிட்டது. மாட்டுக்கொட்டத்தில் படுத்துக்கொண்டாள். சாட்டுதல் வாரத்தில் ஊரே மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக இருந்தது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் சனங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு நடந்தார்கள்.

புது இரும்பு அடிக்கப் பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டுதான் ஆசாரியின் பட்டறைக்குப் போனார். சாதா இரும்பு அழகாக வளையும், ஆனால் பொறி தராது, பழைய அரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று ஆசாரி முன்னமே சொல்லியிருந்தார். ரம்பத்துக்குப் பல் தீட்டித் தேய்ந்துபோன அரம் ஒன்று வீட்டில் இருந்தது. அதை நான் சுமந்துகொண்டு போனேன். என் தப்பை மறைக்கிற சாமான் என் கையிலேயே இருக்கிறது என்று மனசு குதித்தது. பொறி விழுந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சித்தி இருப்பாள், என் கையும் தப்பிக்கும்.

ஆசாரி கைச்சக்கரத்தைச் சுற்றினார். உலைக்கரி மூச்சு விட்டது. அரம் மிளகாய்ப் பழ நிறத்துக்கு வந்ததும் எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து அடித்தார். அரத்தின் பல்லெல்லாம் மழுங்கி, நுனி மெலிந்து, சுருண்டு, பழைய இரும்பின் அச்சாகவே கண்முன்னால் வளைந்தது. மறுபடி காய்ச்சினார். நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். சுர்ரென்ற சத்தத்தில் நான் பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்துவிட்டு, ஒரு வெங்கச்சங்கல்லில் ஒரு சீவு சீவினார். பொறி அவர் முழங்கை முடியில் விழுந்து கருகியது. அந்த நெடி. பெரியப்பாவும் வாங்கி அடித்துப் பார்த்தார். அவருக்கும் விழுந்தது.

"நல்லா ஏறியிருக்கு ஆசாரி. வேற எதுவும் செய்யணுமா?"

"ஒண்ணும் வேண்டாங்க. தொடச்சு வச்சாப் போதும்."

துடைத்து வைத்தால் போதும். அந்த மூன்று வார்த்தையை நான் பக்கத்தில் நின்று கேட்டவள். பெரியம்மாவிடம் நானே போய்ச் சொல்லவும் செய்தேன். "அம்மனுக்குப் போற பொருளு தொடச்சு வச்சாப் போதுமா? கண்டவன் வீட்டு இரும்பும் வெந்த உலையில வெந்து வந்திருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதுசாக அரிவாளோ அரிவாள்மனையோ வந்தால் வீட்டு அடுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டுத்தான் புழங்குவார்கள். அடுப்புக் காட்டுவது என்பார்கள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பழைய அக்கினி இரும்புக்கு அது தேவைப்பட்டதே இல்லை, அது எப்போதும் சாமி அறையில் இருந்தது. இந்த முறை பெரியம்மாவுக்கு ஒரு சுற்று போதவில்லை. தீச்சட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் புளிய விறகை எரித்துக் கங்காக்கி, இரும்பை அதற்குள் புதைத்தாள்.

"கங்கு அணையாமப் பாத்துக்க ஆத்தா. பொழுதடைய சாம்பலப் போட்டு மூடிவச்சிரு. காலையில எடுத்துக்குவோம். நல்லாக் கழியட்டும்." என்னிடம் இதைச் சொல்லிவிட்டு மாவிளக்குக்கு மாவு இடிக்கக் கோயில் பக்கம் போய்விட்டாள்.

அடுப்புக்கு முன்னால் நானும் ஊதாங்குழலும். கொட்டத்தில் சித்தி இருமுகிற சத்தம் கேட்டது. இந்த இரும்பில் ஏதாவது தீட்டு ஒட்டிக்கொண்டிருந்தால்? கோரையைக் கொளுத்தின என் கை பட்டிருக்கிறதே, அது ஒட்டியிருந்தால்? அது முழுக்கக் கழிய வேண்டும் என்று ஊதினேன். கன்னம் வலிக்க ஊதினேன். கங்கு வெளுத்து, அதற்குள் இரும்பு சிவந்து கிடந்தது. ஒவ்வொரு ஊதலுக்கும், சித்தி போகக் கூடாது, சித்தி போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஊதினேன். பெரியம்மா சொன்னதைவிட இரண்டு விறகு அதிகமாகவே வைத்தேன். இருட்டுகிற நேரத்தில் சாம்பலைக் குவித்து மூடிவிட்டு, கண்ணெரிச்சலோடு கொட்டத்துக்குப் போய்ச் சித்தியின் மடியில் படுத்தேன். என் முகத்திலிருந்த கரியை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். "ஆமா மோளே, சாரமில்லை" என்றாள். பரவாயில்லை என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

காலையில் பெரியம்மா இரும்பைச் சாம்பலிலிருந்து எடுத்தாள். கறுத்து, நீலம் பாய்ந்து இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, பொட்டு வைத்தாள். பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

சாயந்திரம் கோயில் முன்னால் ஊரே நின்றது. சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கொட்டுச் சத்தம் நின்றது. பின்னால் மலையில் அன்றைக்கும் நெருப்பு இருந்தது, ஒன்றல்ல, இரண்டு நாடா. சித்தியைத் தனியாக வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். இடுப்பில் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் அந்த இடத்தைப் பிடித்தபடி நேராக நின்றாள். பயந்தவள் மாதிரியே இல்லை.

பெரியப்பா முதல் அடி அடித்தார். டொக் என்றது. பட்டறையில் கேட்ட சத்தம் அது இல்லை, எனக்குத் தெரிந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது. ஒரு பொறி இல்லை. பெரியப்பா நிறுத்தவில்லை. நான்கு, ஐந்து என்று வெறி பிடித்தவர் போல அடித்தார். கல் வழுக்கி விரல் முட்டி பிய்ந்து, வெள்ளைக் கல்லில் ரத்தம் வழிந்தது. ஆசாரி பின்னாலிருந்து, "ஈரம் பட்டுச்சாங்க? ஒரு தடவ என்கிட்டக் குடுங்க" என்றார்.

"உன் பட்டறையில விழுந்துச்சுல்ல ஆசாரி? ரெண்டு பேரும் கண்ணால பாத்தோம்ல?" என்றார் பெரியப்பா. ஆசாரியும் மெல்லத் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார். பட்டறையில் விழுந்த பொறி அம்மன் முன்னால் விழவில்லை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? எனக்கே வந்தது. ஒருவேளை சித்தி வேறு ஏதோ செய்திருப்பாளோ என்று, தொலைத்த நானே, ஒரு நிமிஷம் நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் நினைத்தவற்றிலேயே அசிங்கமானது அதுதான்.

பொறி தராத இரும்பை வைத்திருக்கக் கூடாதென்று அப்போதே ஆற்றில் எறிந்தார்கள். பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து நெருப்பை வாங்கி வந்து சட்டியில் போட்டார்கள். பெரியப்பா அந்த இடத்திலேயே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டு உரிமையும் அதோடு போயிற்று.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஜீப் கிளம்பியது. சித்தப்பாதான் ஓட்டினார். தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள் ஏறிக்கொண்ட பிறகு பின்னால் ஓர் ஓரத்தில் சித்தியை உட்கார வைத்தார்கள். மடியில் ஒரு துணிப்பை. தட்டைத் தள்ளி வைத்த பெரியம்மாகூட வாசலுக்கு வரவில்லை. நான் மட்டும் ஜீப்புக்குப் பின்னால் நின்றேன். சித்தி என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். வண்டி புகையைக் கக்கிவிட்டு நகர்ந்தது. சாயந்திரம் சித்தப்பா வெறும் ஜீப்போடு திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அடுத்த வருஷமே அவருக்குச் சின்னமனூரில் பெண் பார்த்து முடித்தார்கள். நான் ஆறாம் வகுப்புக்குத் திருப்பூர் போய்விட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரருக்குத் தேனியில் லேத் பட்டறை. அதே வருஷம் ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அங்கே வேலை செய்கிறவர், உளிக்குள் சிக்கிய உடைந்த பிடியை எரித்து எடுப்பதற்காக உளியையே கொண்டுபோய்க் குப்பை எரிகிற நெருப்பில் போட்டிருக்கிறார். இவர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "உளியத் தீயில போட்டா டெம்பர் போயிரும்னு தெரியாதா? இனி இது உளி இல்ல, வெறும் இரும்பு. அதுவும் சாம்பல்லயே ஆறிருக்கு. சுத்தமாச் செத்துப்போச்சு."

சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் உருக்கு இறுகும், இறுகிய உருக்குதான் கல்லில் பட்டால் பொறி விடும், அதை மறுபடி கங்கில் போட்டுச் சாம்பலில் ஆற விட்டால் இளகிவிடும், பிறகு எத்தனை அடித்தாலும் டொக் என்றுதான் கேட்கும். அந்த டொக்கை நான் கேட்டிருக்கிறேன். சாம்பலில் புதைந்த நீலம் பாய்ந்த இரும்பும், அதன் முன்னால் கன்னம் உப்பி ஊதுகிற பெண்ணும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமுளிக்கு பஸ் ஏறினேன். பெரியப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அவரிடம் சொல்லவும் வழியில்லை.

லைன் வீடுகளில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். முப்பதை இப்போதுதான் தாண்டியிருக்க வேண்டிய சித்திக்கு முன்னந்தலை நரைத்திருந்தது. கொழுந்து எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் கறை. தனியாகத்தான் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் "மோளே" என்றாள். அவ்வளவுதான், நான் அழத் தொடங்கிவிட்டேன். அழுதுகொண்டே, அந்த இரும்பைத் தொலைத்தது நான்தான் என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். எழுந்து போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து என் முன்னால் அவிழ்த்தாள். உடைந்த வளையலின் பாதி. இரண்டு நுனியும் சுருண்டு, எண்ணெய் தடவி, துருவே இல்லாமல்.

"தோட்டுல, வாய்க்கால்ல, தண்ணி நிறுத்தினாகல்ல, சாட்டுறதுக்கு மறுநா? அன்னிக்கு நீ பள்ளிக்கூடம் போனப்பறம் சேத்துல எறங்கித் தேடினேன். கெடைச்சிருச்சு. திருப்பி வச்சா, எடுத்தவ நான்தான்னு ஆயிரும். கெடந்த எடத்தச் சொன்னா உன் கையில சூடு வைப்பாக. அதான் இடுப்புல செருகிக்கிட்டேன்."

"அன்னைக்குக் கோயில்ல நிக்கும்போதா?"

"ஆமா. எனக்குப் பயமே இல்ல மோளே. நான்தான் எடுக்கலையே, அம்மனுக்குத் தெரியும்ல, பொறி விழும்னு நின்னேன்." அவிழ்த்த துணியை மடித்தாள். "விழலை. எடுக்கலைன்னு தெரிஞ்சும் என்னைய வேண்டாம்னு சொல்லிருச்சு. அதுக்கப்பறம் நான் எந்தக் கோயிலுக்கும் போறதில்ல. சாமிக்கே வேண்டாதவ போய் என்ன கேக்க?"

பன்னிரண்டு வருஷம் இப்படி நினைத்துக்கொண்டு ஒருத்தி அந்தக் குளிரில் கொழுந்து எடுத்திருக்கிறாள். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரியம்மா கங்கில் புதைத்ததையும், நான் ஊதியதையும், உளிக்கு டெம்பர் போன கதையையும் சொன்னேன். "அம்மன் ஒண்ணும் சொல்லலை சித்தி. நான்தான் ஊதினேன். நீ போகக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி ஊதினேன்."

சித்தி இரும்பை எடுத்து விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அதை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நீ சின்னப் புள்ள, ஊதினதுக்கு என்ன செய்வ. உனக்கும் தெரியாது, உன் பெரியம்மாவுக்கும் தெரியாது" என்றாள். "ஆனா தொலைச்சது உனக்குத் தெரியும்ல. பொறி விழாமப் போனப்பறமும் சொல்லிருவேன்னு நெனச்சேன். ஜீப்பு கெளம்புற வரைக்கும் உன் வாயைத்தான் மோளே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள். ஆறுகிறது, குடி என்றாள்.